லேத்தில் கடைந்த மெட்டி

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காட்டில் அம்மனைப் பார்த்துவிட்டு, நானும் என் மாமியாரும் அயனம்பாக்கம் திரும்ப ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தோம். ஆடி ஞாயிறு என்றால் அங்கே கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். ஆட்டோ நிற்பதற்குள் நாலு பக்கமும் ஆட்கள் ஏறினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் கனமான ஷூ போட்ட ஒருவர் பின்வாங்கி, என் இடது காலின்மேல் ஏறி நின்றுவிட்டார். "சாரிம்மா, பாக்கல" என்று பதறிப்போய் இறங்கினார். பாவம், அவர்மேல் தப்பில்லை. ஆனால் என் இரண்டாவது விரலுக்குள் அப்பளம் நொறுங்கியதுபோல ஒரு சின்னச் சத்தம். அது காதில் விழுந்ததா, விரலில் உணர்ந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் உடனே விரலைப் பார்த்திருப்பார்கள். நான் மெட்டியைப் பார்த்தேன். அந்த மெட்டியைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

என் வீட்டுக்காரர் அயனம்பாக்கத்துக்காரர். ஏரித் தண்ணீரில் நெல் போட்டுப் பிழைத்த குடும்பம். நிலமெல்லாம் ஃப்ளாட்டாகிவிட்ட பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நான் விருதுநகர் பக்கத்திலிருந்து அதே எஸ்டேட்டுக்குக் கணக்கு வேலைக்கு வந்தவள். எங்கே பார்த்தோம், எப்படிப் பழகினோம், இரண்டு வீட்டிலும் எப்படிச் சண்டை நடந்தது என்பதெல்லாம் தனிக் கதை. அதை விடுங்கள். கல்யாணத்தில் போட்ட வெள்ளி மெட்டிகளில் இடது கால் மெட்டி மட்டும் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பஸ்ஸில் எங்கோ விழுந்துவிட்டது. வேறு வாங்கினோம். அது வாய் விரிந்துகொண்டு புடவைக் கரையையெல்லாம் இழுத்தது. "இன்னாமே, ஸ்பேர் பார்ட் மாரி மாத்திகினே கீற" என்று கிண்டல் செய்துகொண்டிருந்த மனிதர், ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார்.

எவர்சில்வர். அவரே லேத்தில் கடைந்தது. கடையில் விற்கிற மெட்டிபோல அடியில் திறந்த வாய் கிடையாது, முழு வட்டம். "இது தேயாது, உழாது, யாரும் புடுங்க முடியாது" என்றார். கல்யாணத்தில் போட்டதுபோலவே அம்மியில் கால் வைத்துத்தான் போடுவேன் என்று ஒரே அடம். எங்கள் வீட்டில் அம்மி ஏது? கிரைண்டர்மேல் வை என்றார், கால் எட்டவில்லை. கடைசியில் சமையலறையில் கிடந்த காலி கேஸ் சிலிண்டர்மேல் கால் வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, நான் சிரித்துச் சிரித்துத் தடுமாற, மாட்டிவிட்டார். மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டும் லூசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாட்டிய பிறகுதான் கவனித்தேன். வெளிப்பக்கம் முழுக்கக் கோடு கோடாக லேத் வெட்டின தடம். "என்னங்க இது, ஃபினிஷிங்கே பண்ணலையா? ஊருக்கெல்லாம் பளபளன்னு போட்டுக் குடுக்கிறீங்க, பொண்டாட்டிக்கு இப்படியா?" என்று கேட்டேன். "பாக்கறவங்களுக்கா செஞ்சேன்? உனக்குதானே செஞ்சேன்" என்றார். வேலைக்குச் சோம்பல்பட்டுவிட்டு வாய்ச் சாமர்த்தியம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு பல தடவை அதைச் சொல்லியே அவரைக் கலாய்த்திருக்கிறேன்.

அந்த மெட்டிக்கு ஒரு சத்தம் உண்டு. எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை. நான் வெறுங்காலில் நடந்தால் ஒரு கால் விட்டு ஒரு கால் 'டிக்' என்று கேட்கும். வலது காலில் இருந்த வெள்ளி மெட்டி சத்தமே போடாது. எந்த அறையில் இருந்தாலும் நான் வருவது அவருக்குத் தெரிந்துவிடும். "வர்றாடா என் கட்டிங் டூலு" என்பார், லேத்தில் இரும்பைச் சீவுகிற உளியைச் சொல்லி.

அவர் போய்விட்டார். மாரடைப்பு. போகிற வயதே இல்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினவர் பட்டறையிலேயே சரிந்து விழுந்தார் என்று சொன்னார்கள். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது.

கருமாதியன்று பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வலது கால் வெள்ளி மெட்டி வாயை விரித்ததும் வந்துவிட்டது. இடது கால் மெட்டி மட்டும் அசையவில்லை. எண்ணெய் தடவினார்கள், சோப்பு போட்டார்கள், இழுத்தார்கள், எனக்கு உயிர் போனது. விரலின் அடிப்பகுதி லேசாகப் பருத்திருந்ததை நான் அதற்கு முன்பு கவனித்ததே இல்லை. உறவில் ஒரு அம்மாள், "அத்த அப்டியே உட்டா நாலு பேரு இன்னா சொல்வாங்க?" என்றார். என் மாமியார், தானும் பல வருடமாக வெறுங்காலோடு இருப்பவர், அதுவரை சுவரில் சாய்ந்திருந்தவர், எழுந்து வந்தார்.

"வர மாட்டேங்குது, இன்னா பண்ண சொல்ற? வெரலையா வெட்ட சொல்ற? உடு" என்றார். என் புடவைக் கரையை இழுத்துக் காலை மூடினார்.

யாருக்கும் தெரியாமல் நான் அப்போது சந்தோஷப்பட்டேன். புருஷன் செத்த பத்தாம் நாளில் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், அதுதான் உண்மை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், இது மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று தோன்றியது. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் விரலால் அந்த வளையத்தைத் தடவிக்கொண்டிருப்பேன். அந்தக் கோடுகள் எல்லாம் விரலுக்குப் பழக்கமாகிவிட்டன. வீட்டில் நானும் மாமியாரும்தான், எனக்குக் குழந்தை இல்லை. நான் நடந்தால் 'டிக்' என்று கேட்கும். நின்றால் வீடே அமைதியாகிவிடும்.

வலி மெதுவாகத்தான் வந்தது. முதலில் அதிகம் நடந்தால் மட்டும். அப்புறம் படி ஏறினால். அப்புறம் சும்மா இருந்தாலும். விரல் பருத்துக்கொண்டே போனது, மெட்டி சதையில் பதிந்துகொண்டே போனது. கண்ணில் பட்டவர்கள் எல்லாம் மெட்டியைத்தான் குறை சொன்னார்கள். "கால்ல இரும்பு போட்டா இப்டித்தான் ஆவும்" என்றார் அதே உறவுக்கார அம்மாள். ஆபீஸில் ஒருத்தி, மட்டமான உலோகம், அலர்ஜியாக இருக்கும் என்றாள். அவர் ஆசையாகச் செய்து போட்டதே என்னை நோகடிக்கிறது என்று அவர்கள் சொல்வதை என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. மூடிய ஷூ போட ஆரம்பித்தேன். மாமியார் கேட்டால், "சுளுக்கு அத்தை" என்று சமாளித்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அம்பத்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் தனியாகப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற விரல் எலும்புகள் வெள்ளையாக இருக்க, என் இரண்டாவது விரலின் அடி எலும்பு மட்டும் உப்பி, உள்ளே புகைபோல இருந்தது. அதன்மேல் மெட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"எலும்புக்குள்ள குருத்தெலும்பு மாதிரி ஒரு கட்டிம்மா. பார்த்தா கெட்ட கட்டியா தெரியல. ஆனா எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்ல முடியும். எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சுபோயிருக்கு. உள்ள இருக்கறத சுரண்டி எடுத்துட்டு, குதிகால் எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து அந்தக் குழிய அடைச்சிடலாம்" என்றார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "இந்த மெட்டியாலயா டாக்டர்?"

"சம்பந்தமே இல்லம்மா. இது உள்ளேர்ந்து வந்தது. சின்ன வயசுல எலும்பு வளரும்போது தங்கிப்போனதுன்னு சொல்வாங்க. மெட்டி போடாதவங்களுக்கும் வரும்."

கட்டி இருக்கிறது என்ற பயத்தைக்கூட மறந்து நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மேல் பழி இல்லை. அதுபோதும் என்றிருந்தது. டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி இதை வெட்டி எடுத்துடணும்" என்றார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். எக்ஸ்ரேயைப் பீரோவுக்கு மேலே தள்ளிவிட்டேன். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. விரல் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். எனக்கென்ன, யாருக்காக அழகாக நடக்க வேண்டும்?

அப்படி இருக்கும்போதுதான் திருவேற்காட்டில் அந்தக் கால் மிதிபட்டது.

வீடு வந்து சேர்வதற்குள் விரல் வீங்கிவிட்டது. மதியத்துக்குமேல் கருநீலமானது. விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. மாமியார் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போய் ஆட்டோ பிடித்து வந்தார். அதே டாக்டரிடம்தான் போனோம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டவில்லை. "உள்ள உடைஞ்சிருக்கு. அதைவிட அவசரம், ரத்த ஓட்டம் நின்னுகிட்டிருக்கு. மெட்டிய இப்பவே எடுத்தாகணும்" என்றார். நர்ஸ் மோதிரம் வெட்டுகிற சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். அது தங்கம், வெள்ளிக்கு லாயக்கானது. எவர்சில்வரில் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அதன் பல்லே மழுங்கிவிட்டது. டாக்டர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தார். இந்த மாதிரி மாட்டிக்கொண்ட மோதிரம், வளையலுக்கெல்லாம் அவர்கள்தான் வருவார்களாம்.

"வெட்டாம எடுக்கவே முடியாதா டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். போன தடவையே நான் இப்படித்தான் எழுந்து போனேன் என்று அவர் சொல்ல, மாமியாருக்கு எல்லாம் தெரிந்துபோனது. கட்டி, எக்ஸ்ரே, சுளுக்கு என்று நான் அடித்த கதை, எல்லாம்.

"இத்தினி நாளு நொந்துகினேவா நடந்த?" என்றார். நான் தலை குனிந்தேன். "அன்னிக்கு நீங்கதானே அத்தை விடுங்கன்னு சொன்னீங்க. எனக்காக நீங்க எல்லாரையும் எதுத்துப் பேசினீங்க. அதை எப்படி நானே வெட்டச் சொல்றது?" என்று அழுதேன்.

மாமியார் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனுக்காவ சொன்னேன்னா நெனச்ச? எனுக்காவ சொன்னேன்டீ. நீ நடந்தா அவன் செஞ்சது சத்தம் போடும். ஊட்டுல அவன் கீறா மாரி இருக்கும். அதுக்காவ சொன்னேன். உன் காலு போவும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சுத்தி எட்தாந்து நானே ஒடச்சிருப்பேன்."

அத்தனை நாளும் ஒரே சத்தத்தை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அந்த வீட்டில் இருந்திருக்கிறோம்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். கையில் பேனாபோலப் பிடித்துக்கொள்கிற சின்ன மெஷின், முனையில் காசு அளவுக்கு ஒரு சக்கரம். டாக்டர் விரலுக்கு மரத்துப்போகிற ஊசி போட்டார். வந்தவர் குனிந்து, மெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கடையில வாங்கினா மாரி இல்லியே?"

"எங்க வீட்டுக்காரர் லேத்துல கடைஞ்சது" என்றேன்.

"அவரு வரலியா?"

மாமியார்தான், "அவன் இல்ல நைனா" என்றார்.

அவர் ஒரு கணம் மெஷினைக் கீழே வைத்தார். "சாதாரணமா ரெண்டு எடத்துல வெட்டி ரெண்டு துண்டா எடுப்போம்மா. இத்த ஒரே வெட்டா வெட்டி விரிச்சுப் பாக்கறேன். கொஞ்சம் லேட் ஆவும். டாக்டர், டைம் கீதா?" டாக்டர் விரல் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம்தான் என்றார். "எந்தப் பக்கம் வெட்டட்டும்மா? நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து எதைக் கழற்ற வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று எல்லாரும் அவர்களாகவே முடிவு செய்தார்கள். எங்கே வெட்டட்டும் என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் இவர்தான். "அடியில" என்றேன். மெல்லிய தகட்டை மெட்டிக்கும் விரலுக்கும் நடுவே நுழைத்து, நர்ஸைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடச் சொல்லி, வெட்ட ஆரம்பித்தார்.

வலி இல்லை. ஆனால் வாசனை வந்தது. எவர்சில்வர் சூடாகி அறுபடும் வாசனை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது என் வீட்டுக்காரர் சட்டையில் அடிக்கும் அதே வாசனை. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது என்று அந்தச் சட்டைகளைத் திட்டியிருக்கிறேன். அவர் போன பிறகு, அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதே என்று அதே சட்டைகளில் முகத்தை வைத்துத் தேடியிருக்கிறேன். அது இப்போது திரும்பி வந்து அந்த அறை முழுக்க நின்றது. மாமியாருக்கும் தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடி, முடிகிற மட்டும் மூச்சை உள்ளே இழுத்தேன்.

இரண்டு குறடால் இரண்டு பக்கமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை விரித்தார். மெட்டி வந்துவிட்டது. முழுசாக, ஒரே ஒரு பிளவோடு. விரலில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் டாக்டர் பெருமூச்சு விட்டார். காக்கிச் சட்டைக்காரர் மெட்டியைக் குழாயில் கழுவி, தன் கர்சீப்பால் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மா, உள்ள பாத்துகீறீங்களா?"

இல்லை. நான் பார்த்ததே இல்லை. சிலிண்டர்மேல் கால் வைத்த அன்றைக்கு அவர் கையில் இருந்தது, அப்புறம் என் விரலில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். வெளியே அதே கோடு கோடான தடம். உள்ளே கண்ணாடி. சொன்னால் நம்பமாட்டீர்கள், என் விரல் ரேகை அதில் தெரிந்தது. எமரி ஷீட் போட்டு மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் பஃப் பிடித்தால்தான் அப்படி வரும் என்றார் அந்த மனிதர். தோலில் படுகிற பக்கத்துக்கு மட்டும் அத்தனை வேலை. பாக்கறவங்களுக்கா செஞ்சேன், உனக்குதானே செஞ்சேன்.

நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அந்த மனிதர் தர்மசங்கடமாகத் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார். மாமியார் டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "வேற எடத்துக்குப் போவணும்மா, காலப் பாத்துக்க சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வீக்கம் வற்றின பிறகு ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, முழித்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்து, குதிகால் எலும்பைத் துணுக்குத் துணுக்காக வைத்து அடைத்தார்கள். டெஸ்ட் முடிவு வருகிறவரைக்கும் மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. சாதுவான கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று திருவேற்காடு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கிற செருப்போடு நான் வீட்டில் இருந்த நாளெல்லாம் என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. குதிகால் எலும்பு போகப் போக விரல் எலும்பாகவே மாறிவிடுமாம். மாறியும்விட்டது. இப்போது ஏரிக்கரையில் நன்றாகவே நடக்கிறேன்.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் கேள்விப்பட்டு, மெட்டியைக் கொடுங்கள், பற்றவைத்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பற்றவைத்தால் உள்பக்கம் கறுத்துப்போகும். மறுபடி தேய்க்க வேண்டிவரும். அவர் தேய்த்த இடத்தில் இன்னொருவர் கை படுவதில் எனக்கு இஷ்டமில்லை.

வீட்டில் இப்போது சத்தம் இல்லை. முதல் முறை நான் செருப்பில்லாமல் சமையலறைக்குப் போய் மாமியார் பின்னால் நின்றபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பூன மாரி வந்து நிக்காதடீ. கொரல் குடுத்துகினு வா" என்றார். அப்போதிலிருந்து, அறைக்கு அறை போகும்போது, "அத்தை, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அவரும் அங்கிருந்தே, "வா, வா" என்பார்.

ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒருமுறை அந்த மெட்டியைக் கையில் எடுப்பேன். கரடுமுரடையெல்லாம் ஊர் பார்க்கிற பக்கம் விட்டுவிட்டு, வழவழப்பு முழுவதையும் என் பக்கம் வைத்துவிட்டுப் போன மனிதரை, இன்றைக்கும் அந்தச் சின்ன வளையத்துக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.